திபிலீசி, சனிக்கிழமை

மூன்றாம் முறையும் தாமதம்.
குரா ஆற்றுப் பாலத்தில் பனியாம்.
திட்டும் வாக்கியத்தைக் காலையிலிருந்தே
நாக்கில் தீட்டி வைத்திருந்தேன்.

த்சிரா
மேலங்கியைக் கழற்றாமலே சாயம் கலக்கத் தொடங்கினாள்.
கிண்ணத்தில் தூரிகை
கடகடவென்று அடித்துக்கொண்டது.

'இன்று தலை அலசுவது மட்டும் நீ' என்றேன்.
வெதுவெதுப்பான தண்ணீர்,
கண் மூடிய முகங்கள்;
யாரும் அவளைப் பார்க்கமாட்டார்கள்.

நெஸ்தான் அம்மையார் முணுமுணுத்தார்:
அவளிடம்தானே நேரம் வாங்கினேன்?
அவருக்கு நானே பூசினேன்.
காதோரம் கொஞ்சம் வழிந்தது.

இரவு கல்லாவை எண்ணும்போது
அரை மணிக் கூலியைப் பிடித்தேன்.
திருப்பி வைத்தேன்.
மறுபடி பிடித்தேன்.

ஷட்டர் இறங்கும்வரை
அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அவள் கோணலாய் மடித்த துண்டுகளை
இன்று மட்டும்
பிரித்து மடிக்கவில்லை.