மூன்றேமுக்கால் வெயில்

ஹெண்டர்சனில் ஜூலை மாதத்து வேலை
விடிகாலை நாலரைக்குத் தொடங்கும்.
பத்தரைக்குள் முடிக்காவிட்டால்
சுத்தியலின் இரும்பு கையை விடாது.

ஓடேகார்ட் அம்மா வீட்டுக் கொல்லையில்
செத்த புல்லை நானும் ரூபேனும்தான் பெயர்த்தோம்.
வேர் என்று ஒன்றுமில்லை.
முடி கொட்டிய விரிப்புபோலச்
சுருட்டச் சுருட்ட வந்தது.
புல்லை எடுத்ததற்காகவே
தண்ணீர் இலாகாவில் காசோலை அனுப்புகிறார்களாம்.
அந்தக் கடிதத்தைக்
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தார்.

ஆறு அங்குலம் ஜல்லி, மேலே கல்தூள்.
நனைத்து, இடித்து,
மறுபடி நனைத்து, இடித்து,
ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வந்து நின்றபோது
"வேண்டாம்" என்றார்.
"கொஞ்சம் சாயட்டும்.
எங்கிருந்து தட்டினாலும் விழுமென்றால்
இதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?"

முப்பத்தொரு வருஷம்
ஊராரின் பல்லைச் சுத்தம் செய்தவர்.
பிறர் வாய்க்குள் குனிந்து குனிந்து
கழுத்து முன்னால் வளைந்திருந்தது.
குழி எங்கே வேண்டும் என்று காட்டும்போதுகூட
விரல்கள்
இல்லாத ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்திருந்தன.

மேற்கே இரண்டு விரற்கடை இறக்கினேன்.
பாய் விரிப்பதுபோல விரித்து,
இழையெல்லாம் ஒரே பக்கம் படுக்க வைத்து,
ஓரம் ஆணியடித்து,
மணல் தூவி எதிர்வாட்டில் கூட்டினோம்.
நாலேகால் அங்குல வாயோடு மூன்று குழிகள்.
"சொத்தை" என்றார் அவற்றைப் பார்த்து.
அவரே சிரித்துக்கொண்டார்.

பத்து மணிக்கு ரூபேன் வெப்பமானியை நீட்டினான்.
காற்று நாற்பத்திரண்டு. புல் அறுபத்தெட்டு.
எண்ணைச் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.
"தெரியும்," என்றார் அம்மா,
"நான் ராத்திரிக்காரி."

ஆகஸ்டில் தொலைபேசி.
"உங்கள் புல் உருகுகிறது."

போய்ப் பார்த்தால்
இரண்டாம் குழிக்கு முன்னால்
சூட்டுக்கோல் இழுத்தது மாதிரி ஒரு கோடு,
ஒரு கை நீளம்.
பசையின் குற்றமில்லை, இழையின் குற்றமில்லை.
மூன்றேமுக்கால் வரை காத்திருந்தோம்.

மதிலுக்கு அந்தப்பக்கம், பர்செல் வீட்டு மாடியில்
இரட்டைக் கண்ணாடி போட்ட புது ஜன்னல்.
அதில் பட்டு மடிந்து
கத்திமுனையளவு வெள்ளை வெளிச்சம் ஒன்று
மதிலேறிக் குதித்து
கோட்டின் மேலேயே ஊர்ந்தது.
ரூபேன் விரலை வைத்தான், உதறினான்.

பர்செலுக்கு ஏசி கட்டணம் குறைந்துவிட்டதாம்.
அவர் வேண்டாமென்று திருப்பிவிட்ட வெயிலுக்கும்
எங்காவது உட்கார இடம் வேண்டுமே.

அம்மா உள்ளே போய்
பழைய படுக்கைவிரிப்பைக் கொண்டுவந்து
காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவதுபோலப் போர்த்தினார்.
அதன்மேல் ரப்பர்க்குழாயைத் திறந்தார்.
தண்ணீரை மிச்சம்பிடிக்கப் போட்ட புல்
தண்ணீர் குடித்தது.
"காசோலையைத் திருப்பிக் கேட்பார்களா?"
நிஜமாகவே பயந்துதான் கேட்டார்.

வெட்டி ஒட்டித் தருகிறேன், இன்ன விலை என்றேன்.
"ராத்திரி ஒன்பதுக்கு வந்து சொல்."

ஒன்பதுக்கும் முப்பத்தேழு இருந்தது.
மதிலோர விளக்கில் பூச்சிகள்.
கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார்.
இதோடு முப்பத்தொன்பது பச்சைகள் போட்டிருக்கிறேன்.
சரிவு பார்க்கப் பந்தை உருட்டியிருக்கிறேன்.
விழவேண்டும் என்று நினைத்து
ஒரு நாளும் தட்டியதில்லை.

தட்டினேன்.
நான் இறக்கிய இரண்டு விரற்கடையில்
நான் நினைத்தபடியே வளைந்து போனது.
கோட்டில் ஏறியதும்
ஒரு சின்ன விக்கல்.
கட்டைவிரல் அகலத்தில் குழியை விட்டுவிட்டது.

"அங்கேதான் எல்லோரும் விடுகிறார்கள்.
நேற்று பர்செல் ஆறு தடவை."

விலைச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
போய்ப் பந்தை எடுத்து வந்து
அதே இடத்தில் வைத்தேன்.
தெருவில் வண்டிக்குள்ளிருந்து
ரூபேன் ஹாரன் அடித்தான்.
மறுபடியும் அடித்தான்.