செத்தாரா

வேலை கிடைத்த ஊரின் பெயரைச் சொன்னேன்.
"யாரு?" என்றாள் அம்மா.
அவள் பக்கம் மஸ்கெலியா மழை
தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது.
ஊரும்மா. இத்தாலியில ஒரு ஊரு. செத்தாரா.
பெரிய மீன் அகப்படும் இடம் என்று பொருளாம்.
"என்னமோ இருக்கட்டும்,
வெளக்கு வைக்கிற நேரத்துல சொல்லாத."

சலேர்னோ வளைகுடா
ஒருபக்கம் அமுங்கிய கொழுந்துக் கூடையின் வாய்.
நீரிலிருந்து மலை நேராக எழும்பும்.
கல்லடுக்கி மண்ணை நிறுத்தி
படிபடியாக எலுமிச்சை.
எங்கள் ஏழாம் நம்பர் மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு
அடிவாரத்தில் உப்புக் கரைத்தால்
ஏறக்குறைய அதுதான்.
பெண்கள் காய்மூட்டை சுமந்து இறங்கிய படிகளில்
இப்போது சுற்றுலாக்காரர்கள் படமெடுக்கிறார்கள்.
ஒரு ஞாயிறு எண்ணிப் பார்த்தேன்.
எங்கள் மடுவத்துப் படிகளைவிட அதிகம்.

நெத்தலியின் தலையைக் கிள்ளுவது என் வேலை.
மரத்தொட்டியில் மீன், உப்பு, மீன், உப்பு,
மேலே கடற்கல் பாரம்.
மார்கழி வாக்கில் அடியில் துளையிட்டால்
சாயத்தண்ணி நிறத்தில் சொட்டும்.
ரோமர் காலத்து முறை என்பார் முதலாளி கார்மினே.
கூலியும் அந்தக் காலத்ததா என்று கேட்டேன்.
வயிறு குலுங்கச் சிரித்தார்.
கூட்டவில்லை.

முனையில் ஒரு காவல் கோபுரம்.
துருக்கிக் கப்பல்கள் வந்து
ஒரே நாளில் முந்நூறு பேரைப் பிடித்துப் போனார்களாம்.
அதன் பிறகு, பாய்மரம் தெரிந்தால் மணி அடிக்கும்,
ஊர் மலையேறி ஓடும்.
எங்களுக்கு மணியில்லை, தப்பு.
விடியுமுன் அடிப்பார்கள், பெரட்டுக்கு.
ஊர் மலையேறிப் போகும்.
எங்களைப் பிடித்துப் போக யாரும் கப்பலில் வரவில்லை.
கங்காணிக்குப் பின்னால் நாமே நடந்தோம்,
மன்னார்க் காட்டு வழியே,
கடனை மடியில் முடிந்துகொண்டு.

ஜூன் இருபத்தொன்பது, இராயப்பர் திருநாள்.
சுரூபத்தைத் தோளில் தூக்கி வந்து
அவருக்குக் கடலைக் காட்டினார்கள்.
வாணத்தில் மலை சிவந்து சிவந்து அணைந்தது.
தங்கை தவக்கொடி அழைத்தாள்.
"அண்ணே, அப்பா..."
வெடிச்சத்தம்.
நான் கேட்டது ஒரே ஒரு சொல்.
பக்கத்தில் நின்ற கார்மினே
தன் ஊரை யாரோ கூப்பிட்டதுபோல்
திரும்பிப் பார்த்தார்.

லீவு கிடைக்க ஒன்பது மாதம்.

கொண்டுவந்த சிறு போத்தலை முகர்ந்து
"மாசித் தண்ணி" என்றாள் அம்மா.
சம்பலில் பாதியை ஊற்றிவிட்டாள்.
"இதுக்கா இம்புட்டுத் தூரம்?"

மவுஸாக்கலையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது.
திலாப்பியாவுக்கு வலை போடும் காசிலிங்கத்தின் படகில் போகிறோம்.
இரண்டு தேயிலை மலைகள் கை நீட்டி
நீரை அணைத்துக்கொண்ட இடம்.
குடா என்று இதையும் எழுதலாம்,
கடலுக்குச் சொல்லாமல்.
அடியில் பழைய மஸ்கெலியா.
அணைத்தண்ணீர் ஏறியபோது அப்பாவுக்குப் பதினொரு வயது.
சலூனில் பாதித்தலை வெட்டியபோதே ஊர் முழுகிவிட்டது,
மீதியைப் புது டவுனில் வெட்டினேன் என்பார்.
அம்மா ஒருநாளும் நம்பியதில்லை.

வெடித்த வண்டலில் கோயிலின் கல்தூண்கள்.
யாரோ செவ்வரத்தம்பூ வைத்துப் போயிருக்கிறார்கள்,
வாடவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
சலூன் எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
காசிலிங்கம் காட்டிய இடத்தில்
தண்ணீர்தான் இருந்தது.
"இன்னும் எட்டடி எறங்கணும்ணே.
இந்த வருசம் நடக்காது.
மேக்க பாருங்க, கறுக்குது."

படகைத் தள்ளினோம்.
சேறு காலை விட
கொஞ்ச நேரமாயிற்று.