பெரட்டு நேரம்

டாக்டர் ரொஸ்னா ஏழு நிமிடம் பேசினார்.
"படியுங்கள். இரண்டு வாரம் கழித்து வாருங்கள்."
எதைப் படிக்க என்று வாயெடுப்பதற்குள்
அவர் கைப்பேசி அடித்தது.
வெளியே வந்து செருப்பைத் தேடினேன்,
காலில்தான் இருந்தது.

பட்டப்படிப்பில் கால அட்டவணை உண்டு.
திங்கள் எட்டு மணி, மூன்றாம் மண்டபம் என்று
யாரோ என்னை முன்கூட்டியே நினைத்து வைத்திருந்தார்கள்.
இப்போது திங்களும் வியாழனும் ஒரே நிறம்.
வராவிட்டால் கேட்பாரில்லை,
வந்தாலும்.

டயர் கடைக்கு மேலே அறை.
மிஸ்டர் யாப்புக்கு இரண்டரை மாத முன்பணம்;
ஐந்து வருட டியூஷன் காசில் ஒரு பெரிய கடி.
"முப்பத்தொரு வயசுல மறுபடியும் புக்குப் பையா,
பசியாறிட்டியா?"
அம்மாவுக்கு இரண்டும் ஒரே மூச்சு.
இரவெல்லாம் குலை ஏற்றிய லோரிகள்
சமிக்ஞை விளக்கில் நின்று பெருமூச்சு விடும்.
கட்டிலும் சேர்ந்து விடும்.

அறைத்தோழி சூசன் அனாக் லிங்கி, காப்பிட்காரி.
ஒரு ராத்திரி குளிர்பெட்டியிலிருந்து
என் பூஞ்சையை எடுத்து வைத்துக்கொண்டு
கத்தியோடு போராடிக்கொண்டிருந்தாள்.
செம்பனையின் அடித்தண்டைத் தின்று
நின்ற மரத்தை நின்றபடி கொல்கிற கனோடெர்மா அது,
என் மூன்று வருடத்துக்கான சோறு.
"எத்தனை மணி நேரம் வேகவைக்க வேண்டும்?" என்றாள்.
சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தோம்.
மறுநாள் 'தின்னாதே' என்று
மூன்று மொழியில் எழுதி ஒட்டினேன்.
இபானில் அவள் எழுதிக் கொடுத்தாள், நான்காவதாக.

லேபில் கற்றது:
ரப்பர் கட்டையைச் சதுரமாக அறுத்து
அதில்தான் நோயை வளர்ப்பார்கள்,
பிறகு செம்பனைக் கன்றின் வேரில் வைத்துக் கட்டுவார்கள்.
ஏன் ரப்பர் கட்டை என்று கேட்டேன்.
"மலிவு," என்றான் ஆய்வக உதவியாளன்.
அதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.
யோசித்தேன், கொஞ்சம்.

ஜன்னலுக்கு எதிரே சாலை,
சாலைக்கு அப்பால் தோட்டத்து ஆபீஸ், பெரட்டுக் களம்.
ஐந்தரைக்கு ஒற்றை விளக்கின் கீழ்
மண்டோர் குணாளன் பட்டியலைப் பிரிக்கிறார்.
ஷஃபிகுல். மொமின். கேஷவ். ஹாருன்.
ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை, ஒரு குரல்: "அடா."
மலாயில் 'இருக்கிறேன்' என்று பொருள்.
என் காதுக்கோ
அடா, அடா என்று
ஒவ்வொருவனும் தன் பெயரைக் கேட்டு வியப்பது போல.

அந்த நேரத்துக்கு எழும்பப் பழகினேன்.
கோப்பியோடு ஜன்னலில் நிற்பேன்.
அவர்கள் சங்கிலிக் கத்தியும் தள்ளுவண்டியுமாகக் கலைய
நான் கட்டுரையைத் திறப்பேன்.
மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிழுந்த நாளும் உண்டு.

ஒரு புதன்கிழமை
மொமின் என்றார். பதிலில்லை.
மொமின்.
மூன்றாவது முறை பட்டியலிலிருந்து கண்ணை எடுத்து
இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.
வரிசையில் யாரோ "கிளினிக், காய்ச்சல்" என்றார்கள்.
பென்சிலால் என்னவோ குறித்துக்கொண்டார்.
சம்பளம் பிடிக்கத்தான் அந்தக் குறி, தெரியும்.
இருந்தும் அன்று முழுக்க
மொமின் மேல் எனக்குப் பொறாமை.
சாயங்காலம் வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் முடிந்தது.
படித்தது நாற்பத்தாறு கட்டுரை,
புரிந்தது பதினொன்று,
அடித்துத் திருத்தி மிஞ்சியது ஒரே வரி:
காய்ச்சல் கண்ட மரம்
பக்கத்து மரத்துக்கு எப்போது சொல்கிறது, எந்த வேர் வழியாக?

டாக்டர் ரொஸ்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இந்த முறை கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது.
"அடா சொஆலான்?"
கேள்வி இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

கை தானாக உயர்ந்துவிட்டது,
அறையில் நாங்கள் இருவர்தான்.
"அடா," என்றேன்.