எர்த்து

ஹாரன் அடித்தால் ஹெட்லைட் கண்ணைச் சுருக்குகிறது.
வைப்பரைப் போட்டால் இண்டிகேட்டர் துடிக்க மறக்கிறது.
விடிகாலை மூன்றேமுக்காலுக்குச் சாவியைத் திருகினால்
டக்.
அவ்வளவுதான். டக்.
பின்சீட்டைக் கழற்றிய இடத்தில்
நூற்று இருபது பாக்கெட் இட்லி மாவு
பாலக்காடு போய்ச் சேருமுன்பே
வேலந்தாவளத்திலேயே பொங்கத் தொடங்கிவிடும்.

புது பேட்டரி போட்டேன்.
டக்.

ரெண்டு வருஷம் கழித்துத் தண்டபாணி வந்தான்,
உக்கடத்தில் வாங்கிய பெட்டியோடு.
உள்ளே ஐந்து ஒயர். மயில் கழுத்து நீலம், விரல் தடிமன்,
நுனிக்கு நுனி தங்க முலாம்.
"எர்த்திங் கிட்டுங்க அண்ணி. மூவாயிரத்து இருநூறு.
லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் சேத்தித் தரும்.
பிக்கப்பு பிச்சுக்கும்."
அவன் வாங்கிப்போன நாற்பதாயிரத்தைப் பற்றி
அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.
நடுவில் பெட்டிதான் பளபளத்துக்கொண்டிருந்தது.

கொழிஞ்சாம்பாறையில் ரசாக்
ஆம்னியின் சீட்டைத் தூக்கினான்.
பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.
மீட்டரின் சிவப்பு முள்ளை இன்ஜின் மேல் வைத்தான்,
கறுப்பைப் பேட்டரி மைனஸில் வைத்தான்.
"அடிக்கூ சேச்சி."
அடித்தேன். டக்.
புள்ளி தொண்ணூற்றொன்று என்றது மீட்டர்.
"கண்டோ? ஒரு வோல்ட்டுக்கிட்ட வழியிலேயே போச்சு.
எர்த்து கிட்டலை."

நாலு ரப்பர் சக்கரத்தில் நிற்கிற வண்டிக்கு
ஏது பூமி?
மண்ணை ஒருநாளும் தொடாத இரும்பை
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
எர்த்து என்றே சொல்கிறோம்.
போகிற கரண்ட்டுக்கு எத்தனை ஒயர், எத்தனை நிறம்,
ஆளுக்கொரு ஃபியூஸ்.
போனதெல்லாம் திரும்பி வர
ஒரே ஒரு பின்னல் பட்டை,
கீழே, சேறு படுகிற இடத்தில்.

ரசாக் போல்ட்டைக் கழற்றிக் காட்டினான்.
செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு.
அடியில் ஷாஸி துரு,
துருவுக்கு மேல் போன வருஷம் நான் அடிக்கச் சொன்ன
வெள்ளைப் பெயிண்ட்.
பத்து ரூபாய் உப்புத்தாள்.
இரும்பு வெள்ளியாய்ச் சிரிக்கும்வரை தேய்த்தான்.
நூற்றெண்பதுக்கு ஒரு புதுப் பட்டை.
முறுக்கிவிட்டு, மேலே ஒரு விரல் வாசலின்.
அடித்தேன்.
மாவு பாக்கெட்டெல்லாம் அதிர்ந்தன.
புள்ளி பன்னிரண்டு.

"அதையும் போட்டுப் பாருங்களேன்," என்றான் தண்டபாணி.
ரசாக் என்னைப் பார்த்தான்.
நான் டாஷ்போர்டைப் பார்த்தேன்.
போட்டான், ஐந்தையும், முக்கால் மணி நேரம்,
இன்ஜினுக்கு நீல நரம்புகள் ஓடின.
மறுபடி மீட்டர்.
புள்ளி பதினொன்று.
ரசாக் ஒன்றும் சொல்லாமல்
உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது தண்டபாணிதான் ஓட்டினான்.
கள்ளுக்கடை தாண்டி, தென்னந்தோப்பு தாண்டி,
செக்போஸ்ட் ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்து,
"தெரியுதுங்களா அண்ணி? இழுவை தெரியுதா?"
தெரிகிறது என்றேன்.
ஹாரன் அடித்தான், சும்மா, காலி ரோட்டில்.
வெளிச்சம் அசையவில்லை.
அது பத்து ரூபாய் உப்புத்தாளின் வெளிச்சம்.
சொல்லவில்லை.

பத்து நாள் கணக்குப் பார்த்தேன்.
முன்பு லிட்டருக்குப் பதிமூன்று புள்ளி நாலு.
இப்போதும் பதிமூன்று புள்ளி நாலு.
நோட்டில் எழுதினேன்: கிட் தேவையில்லை.
பக்கத்தைப் புரட்டினால் தண்டபாணி கணக்கு,
பற்று நாற்பதாயிரம்,
எதிரே ரெண்டு வருஷமாய் வெறும் கோடு.
பேனாவை மூடிவிட்டு
மகளின் பென்சிலை எடுத்தேன்.
வரவு, மூவாயிரத்து இருநூறு.
அழுத்தாமல் எழுதினேன்.