ஃபுட் வால்வு

இரவு இரண்டு பத்துக்கு
மோட்டார் தானாக எழுந்தது.
பதினோரு நொடி ஓடி
தானாகப் படுத்தது.
எங்கள் வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருந்தது.
மூடியது நான்தான்.
மூன்று தரம் எழுந்துபோய்ப் பார்த்ததும் நான்தான்.

அப்படியென்றால் சுவருக்கு அந்தப் பக்கம்.

பாகம் பிரித்தபோது
மாந்தோப்பை அளந்தார்கள், வீட்டை அளந்தார்கள்,
கிணற்றில் சங்கிலி போட முடியவில்லை.
ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஒரு பிரஷர் டேங்க்,
இரண்டு பைப் லைன்.
கரண்ட் பில்லில் பாதியை
மாதையன் ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போவான்.
எட்டு மாதமாய்ப் பேச்சு அவ்வளவுதான்.

காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்தேன்:
12.40. 1.25. 2.10. 2.50.
தக்காளி நாற்றுக்குக் கள்ளத்தனமாய் விடுகிறார்கள்
என்று ராஜ்கோட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவரிடம்
போனில் சொன்னேன்.
"முனிரத்தினத்தைக் கூப்பிடு" என்றார்.
முனிரத்தினம் வந்தான், டீ குடித்தான்,
"காயில் போச்சுக்கா, செட்டோட மாத்திடுங்க,
இருபத்திரண்டாயிரம்" என்றான்.
மோட்டார் மூடியைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் ராத்திரி
டார்ச்சும் ஸ்பேனருமாய் நானே போனேன்.
டேங்கைக் கரண்டிக் காம்பால் தட்டினேன்.
மேல்பாதி காற்று, டங்கென்று கேட்க வேண்டும்.
மேலும் கீழும் ஒரே தொம்.
சைக்கிள் டியூபுக்கு இருப்பதுபோல் ஒரு மூக்கு,
அதன் ஊசியை நகத்தால் அழுத்தினேன்.
காற்று வரவில்லை,
துருத் தண்ணீர் முகத்தில் பீய்ச்சியது.
உள்ளே ரப்பர் பை கிழிந்திருக்கிறது.
ஒரு சொம்பு பிடித்தாலே மோட்டார் பதறுவது
அதனால்தான்.

சரி, அது ஒன்று.
ஆனால் நடுராத்திரியில் சொம்பு பிடிப்பது யார்?

சிலம்பரசி வீட்டுக்குப் போகும் கேட் வால்வை
இறுக மூடினேன்,
கையும் களவுமாய்ப் பிடித்த சந்தோஷத்தோடு.
எங்களுடையதையும் மூடினேன், நியாயத்துக்காக.
கேஜ் முள்மேல் டார்ச்சை வைத்து
சிமெண்ட் மூட்டைச் சாக்கில் உட்கார்ந்தேன்.
மாரண்டஅள்ளியில் நிற்காத ரயில் ஒன்று
நிற்காமல் போனது.
முள் இறங்கியது.

இரண்டு பக்கமும் மூடியிருக்க
முள் இறங்கியது.

கிணற்றில் குனிந்தேன்.
அடியில் களக், களக் என்று
பெரிய அவசரமில்லாத சத்தம்.
யாரும் திறக்காத தண்ணீர்
ஏறிவந்த பைப்பு வழியாகவே
இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காலண்டர் தாளை
நான்காய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஃபுட் வால்வைத் தூக்க வேண்டும்.
இருபதடி பைப்பு, ஒற்றை ஆளால் ஆகாது.
விடிந்ததும் சுவரோரம் நின்று
"கயிறு பிடிக்கணும்" என்றேன்,
பெயர் சொல்லாமல், முறை சொல்லாமல்,
கிணற்றிடம் சொல்வதுபோல.
மாதையன் வடத்தோடு வந்தான்.
நைட்டிமேல் துண்டோடு சிலம்பரசி.

பாதி பைப்பு மேலே வந்தபோது அவள் சொன்னாள்:
"நீங்கதான் ராத்திரியில தண்ணி விடுறீங்கன்னு
நாங்க நெனச்சோம்."
போனை எடுத்துக் காட்டினாள்.
12.40. 1.25. 2.10.
2.50 இல்லை. அதற்குள் தூங்கிவிட்டாளாம்.

வால்வின் தட்டுக்கு அடியில்
துவரம்பருப்பு அளவு ஒரு சில்லு.
அந்தச் சுவர் கட்டும்போது விழுந்த
காரையாக இருக்கலாம்.
சும்மா ஒரு கல்லாகவும் இருக்கலாம்.
மாதையன் அதைச் சுண்டி எறிந்தான்,
எந்தப் பக்கம் விழுந்ததென்று பார்க்கவில்லை.
பாலக்கோட்டில் புது வாஷர் தொண்ணூறு ரூபாய்.
நாற்பத்தைந்தைக் கையில் கொடுத்தான்.

டேங்கின் பை இன்னும் மாற்றவில்லை.
மாம்பழ சீசன் முடியட்டும் என்றிருக்கிறோம்.
ராத்திரியில் மோட்டார் எழுவதில்லை.
காலை ஐந்தேகாலுக்கு ஒருமுறை
பதினோரு நொடி பதறுகிறது.
சிலம்பரசி டீக்குத் தண்ணீர் பிடிக்கிறாள்.
நானும் எழுந்துகொள்கிறேன்.