பதினேழாம் பட்டை

தூங்கத் தெரிந்த சிப் இது.
அந்தத் தூக்கத்தைத்தான் விற்கிறோம்.
ஒரு நொடியை ஆயிரமாக நறுக்கி
அதில் மூன்று துண்டுக்கு மட்டும் கண் திறக்கும்.
கை அசைந்ததா, ஆள் விழுந்தாளா,
பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொள்ளும்.
சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியில்
நான்கு மாதம் ஓட வேண்டும்.

கோத்தகிரி தாண்டி, கீழ்ப்பாறை டிவிஷனில்
நாற்பது பெண்களின் மணிக்கட்டில் கட்டினோம்.
சரிவில் வழுக்கினால் ஆபீசுக்குத் தகவல் போகும் என்றேன்.
கொழுந்து கிள்ளும் அசைவையும் எண்ணும் என்பது
ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம்.
அதை நான் வாசித்துக் காட்டவில்லை.
சிவபாக்கியம்தான் கேட்டாள்,
"தலையச் சொறிஞ்சா அதுவும் கணக்குல ஏறுமா மேடம்?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

முப்பத்தொன்பது பட்டைகள் சொன்ன சொல் கேட்டன.
பதினேழு, பதினோராம் நாள் செத்தது.
பேட்டரி மாற்றினோம்.
பத்தாம் நாளே செத்தது.

கோயம்புத்தூரில், என் மேசையில், அது உத்தமன்.
மல்டிமீட்டரில் இரண்டே மைக்ரோஆம்பியர்.
ஈரம் இல்லை, கசிவு இல்லை, பற்றவைப்பில் பிசிறில்லை.
பதிவை இறக்கிப் பார்த்தால்
இரவு பதினொன்று முதல் விடியும் மட்டும்
விழித்து, விழித்து, விழித்து.
"ராத்திரியில அப்படி என்ன வேலையோ"
என்று இளித்தான் இம்மானுவேல்.
பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.
சோதனைக்கென்று ஒரு பச்சைப் புள்ளி சேர்த்திருந்தேன்,
சிப் விழித்தால் மினுக்கும்.

ஜனவரி. கடைசி பஸ்.
புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறையத் தொடங்கியிருந்தது.
லயத்தில் நான்காவது வீடு.
கட்டிக்கொண்டு படுத்தால் கை அரிக்கிறதாம்,
பட்டையைக் கழற்றி
தகரச் சுவரோரம் ஆணியில் மாட்டினாள்.
விளக்கை அணைத்தாள்.
பட்டை தூங்கியது. நாங்கள் தூங்கவில்லை,
பாய்க்கடியில் சிமெண்டுத் தரை ஜில்லென்று ஏறிக்கொண்டிருந்தது.

பதினொன்றுக்குப் பள்ளத்தாக்கிலிருந்து காற்று வந்தது.
முதலில் சில்வர் ஓக்கில்.
பிறகு கூரையில்.
பிறகு, திருகு போன தகடு
கடகடவென்று நடுங்க, ஆணி நடுங்க,
இருட்டில் பச்சைப் புள்ளி.
மறுபடி. மறுபடி.
எழுப்பி எழுப்பிக் கேட்டால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்,
கை என்று நினைத்து எழுந்திருக்கிறது பாவம்,
ஒவ்வொரு தடவையும் கொழுந்து என்று எண்ணியிருக்கிறது.

"ஓ, இதனாலயா" என்றாள் இருட்டுக்குள்.
"போன வாரம் ஆபீஸ் போர்டுல
கொழுந்தெடுப்புல முதல் ஆள்னு எம்பேரு போட்டிருந்தாங்க.
தராசுல பார்த்தா எப்பவும்போல இருபத்திமூணு கிலோ."
கொஞ்ச நேரம் கழித்து,
"அப்ப எண்ணுது."

காற்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.
தகடு பறக்கிறதென்று மூன்று மனு கொடுத்தாளாம்,
முதல் மனு போன ஆடியில்.
எழுந்து, பழைய சாக்கைக் கிழித்து மடித்து
தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே திணித்தாள்.
புள்ளி அணைந்தது.
அந்த வீட்டில் அன்றிரவு
அதற்கு மட்டும் தூக்கம் வந்தது.

கம்பெனிக்கு வேண்டியது ஒரே வரி:
அசைவின் வாசலைக் கொஞ்சம் உயர்த்து.
உயர்த்தினால் காற்று உள்ளே வராது.
மெல்லச் சரிந்து உட்காரும் ஒருத்தியும் வரமாட்டாள்.
அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில்
கூரை, நான்காம் வீடு, இரண்டு திருகுகள்
என்று எழுதி அனுப்பினேன்.
மென்பொருள் பிழையா, வன்பொருள் பிழையா,
ஏதாவது ஒன்றைக் குறிக்கவும்
என்று திரும்பி வந்திருக்கிறது.

வரியை இன்னும் மாற்றவில்லை.
பையில் இரண்டு திருகுகளும் ஒரு ஸ்பேனரும்
சனிக்கிழமைக்காகக் கிடக்கின்றன.
ஏழாம் பக்கத்தையும் நகலெடுத்து வைத்திருக்கிறேன்.
நாற்பது நகல்.