வெள்ளை மை

முப்பத்தொரு வருஷமாக நாலு பேருக்கும் பதினாறு வயது.
பூவராகன், டெய்சி, இம்தியாஸ், குண்டு கிரிஜா.
வேலூர்க் கோட்டை அகழிச் சுவரில் உட்கார்ந்து
கடைசிக் கட்டத்தில் சிரிப்பார்கள்.
தொலைந்த சைக்கிள் கிடைத்திருக்கும்,
இல்லையென்றால் கணக்கு வாத்தியாரின் கண்ணாடி.

"இருட்டா வேணும்" என்றார் புது முதலாளி,
"இப்ப அதான் ஓடுது."
காந்தி ரோடு லாட்ஜில் மூன்றாம் மாடி.
வராந்தாவில் வங்காளத்து நோயாளிகள்
ஸ்கேன் கவரை விசிறியாக்கிச் சோறு பொங்குகிறார்கள்.

முதலில் சுலபமாகத்தான் இருந்தது.
பாலாற்றில் தண்ணீரை எடுத்துவிட்டு மஞ்சள் ஊற்றினேன்.
இம்தியாஸைத் தோல் ஷாப் தொட்டிக்குள் இறக்கினேன்,
ஏற்றவில்லை.
பூவராகனுக்குத் தொரப்பாடி ஜெயிலில் ஒரு நம்பர்.
கிரிஜா குளிக்கும் படம்
சத்துவாச்சாரி முழுக்கப் போன் போனாகப் போயிற்று.

டெய்சிக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை.
பழைய ஒரிஜினலை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
காகிதமெல்லாம் வெளிச்சம்,
அவள் மணிக்கட்டு மட்டும் கறுப்பு.
பிளேடால் சுரண்டினேன்.
வெள்ளை மைக்கு அடியில்
அந்த ஓவியர் வரைந்து, பிறகு மூடிய
ஐந்து விரல் தடம்.

அடுத்த வாரத்தைத் தூக்கினேன்.
அதற்கடுத்த வாரத்தை.
ஒரு வாரமும் தவறவில்லை.

கண்ணாடி எப்போதும்
டெய்சி வீட்டில்தான் கிடைக்கும்.
பத்து வயதில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடம்.

அகழிச் சுவரை மாற்றவில்லை.
நாலு பேர் பல்லையும் அப்படியே விட்டேன்.
வெள்ளையை மட்டும்
எடுத்துக்கொண்டிருக்கிறேன்.